தூக்க முகாமுக்கு விடியாத நேரத்துப் பஸ்

தூங்காமல் இருப்பதைப் பதக்கம்போல மாட்டிக்கொண்டு திரியும் ஜென்மங்களை நான் முதன்முதலில் பார்த்தது காலேஜில்தான். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது வியாதி. ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், இல்லையென்றால் கோயிலில் மந்திரித்துக்கொண்டு வருவார்கள். காலேஜில் அதுவே வீரம். "மச்சான், நைட்டு ஃபுல்லா பொட்டுத் தூக்கம் இல்லடா, முழிச்சிகினு அசைன்மென்ட்ட முட்ச்சேன்" என்று ஹாஸ்டல் பையன்கள் சிவந்த கண்ணோடு வந்து நிற்பார்கள். அந்த அசைன்மென்ட்டை நான் பார்த்திருக்கிறேன். சீனியர் எழுதியதை அவனுடைய தப்புகளோடு சேர்த்து அப்படியே இறக்கி வைத்தது. பாதி ராத்திரி பொத்தேரியில் கொத்துபரோட்டாவுக்குப் போயிருக்கும், மீதி ராத்திரி போனில் துப்பாக்கிச் சண்டைக்குப் போயிருக்கும். மறுநாள் காலை வகுப்பைக் கட்டடித்துவிட்டு மதியச் சாப்பாடு வரைக்கும் குறட்டை விட்ட கதையை மட்டும் எந்த வீரனும் சொல்ல மாட்டான்.

எனக்கு ஹாஸ்டல் கிடையாது. மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் காலேஜ் பஸ்ஸில் போய் வந்தேன். காலேஜ், ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலைநகரைத் தாண்டி இருந்தது. பெயர் வேண்டாம், அந்த ரோட்டில் காலேஜ் போர்டு இல்லாத இடத்தைத் தேடுவதுதான் கஷ்டம். முதல் பீரியடுக்கு முன்னால் வேலைவாய்ப்புப் பயிற்சி என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதற்காக நான் பைபாஸ் ஓரத்தில் போய் நிற்கும் நேரத்தில் எங்கள் தெரு நாய்கள்கூட எழுந்திருக்காது. சாயங்காலம் வகுப்பு முடிந்தபிறகும் ஒரு பயிற்சி. வீடு திரும்பினால் ரெக்கார்டு எழுத வேண்டும், படம் வரைய வேண்டும். அம்மாவுக்கு மறுநாள் சமையலுக்கு வெங்காயமாவது உரித்துக் கொடுக்க வேண்டும். ஆக, ஒழுங்காகத் தூங்க எனக்கு மிச்சமிருந்த ஒரே இடம் பஸ்தான்.

அதையும் கெடுப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். எங்கள் டிபார்ட்மென்ட் வாத்தியார், எங்கள் தடத்துப் பஸ்ஸுக்கு இன்சார்ஜ். அதே தடத்தில் வீடு இருப்பவர் ஓசியில் வந்துபோகிறார், அதற்கு ஒரு பதவி. அந்தப் பதவியை அவர் கலெக்டர் உத்தியோகம்போல நடத்தினார். பஸ் என்பது ஓடும் வகுப்பறையாம். ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்புகின்றன, மூன்றாவது குழாய் காலி செய்கிறது, தொட்டி எப்போது நிரம்பும் என்று எழுந்து நின்று ஒரு கணக்குப் போடுவார். பிறகு டிரைவரிடம் சொல்லி ஸ்பீக்கரில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியை ஓடவிடுவார். 'மே ஐ ஹெல்ப் யூ?' என்று ஒரு பெண் என் தலைக்கு மேலே கத்த ஆரம்பிப்பாள். உதவி செய்ய நினைத்திருந்தால் அவள் வாயை மூடியிருக்கலாம்.

பஸ் படாளம் தாண்டுவதற்குள் சார் தூங்கிவிடுவார். முன் சீட்டில் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து, அப்படி ஒரு தூக்கம். பரனூர் டோல்கேட்டில் பிரேக் போட்டதும் விழித்துக்கொண்டு, "ஆன்சர் என்ன?" என்பார். "சிக்ஸ் அவர்ஸ் சார்" என்போம். "குட்" என்பார். என்ன கணக்காக இருந்தாலும் சிக்ஸ் அவர்ஸ்தான். ஒரு நாள் ரயிலின் நீளத்தைக் கேட்டிருந்தார், அதற்கும் சிக்ஸ் அவர்ஸ் சொன்னோம், அதற்கும் குட் வாங்கினோம்.

பஸ்ஸில் தூங்க முடியாதவள் வேறு எங்கே தூங்குவாள்? லேபில் தூங்கினேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மீட்டரைப் பார்த்துக்கொண்டு தூங்கக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் வருஷத்தில் ஒரு தடவை நெற்றி மேஜையில் இடித்துச் சத்தம் கேட்டுவிட்டது. இன்சார்ஜ் சார்தான் அன்றைக்கு லேபில் இருந்தார். "வாட் இஸ் திஸ்? நைட்டு தூங்காம என்ன பண்ற? இன்னொரு வாட்டி பார்த்தேன், உங்கப்பாவுக்குப் போன் போட்டுருவேன்" என்றார்.

பையன்களிடம் இதைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அது சிரிக்கிற விஷயமில்லை. அப்பா ஓட்டியது பெரியப்பாவின் லோடு வண்டி. காலேஜுக்கு வர வேண்டுமென்றால் பெரியப்பாவிடம்தான் லீவு கேட்க வேண்டும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் வகையறாவில் பெண்பிள்ளைகள் எதுவரைக்கும் படிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் பெரியப்பா. பகலில் தூங்குகிற பையன் சோம்பேறி, அதோடு விஷயம் முடிந்தது. பகலில் தூங்குகிற பெண் ராத்திரி யாரோடோ போனில் பேசியிருக்கிறாள் என்று அர்த்தம். அடுத்த தெருப் பெண் ஒருத்தியை இப்படித்தான் இரண்டாம் வருஷத்தில் காலேஜை விட்டு நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். என் படிப்பும் இப்போது என் இமைகளை நம்பி நின்றது.

இந்த நிலைமையில்தான் தூக்க முகாம் வந்தது. மாணவர்களுக்கு மன அழுத்தம் கூடிவிட்டது, போதிய ஓய்வு இல்லை என்று மேலே யாருக்கோ ஞானோதயம் ஆகியிருக்கிறது. சரி, காலைப் பயிற்சியை நிறுத்துவார்கள் என்று நினைத்தால் அதுதான் இல்லை. நாங்கள் வாரத்தில் ஒரே ஒரு நாள் தூங்கும் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டு, மகாபலிபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் 'ஆழ்ந்த ஓய்வு' என்று நாள் முழுக்க முகாம் போட்டார்கள். கட்டாயம் வர வேண்டும். வராவிட்டால் அட்டெண்டன்ஸில் கைவைப்பார்கள். கடற்கரையில் சூரிய உதயம் பார்த்துத்தான் ஓய்வைத் தொடங்க வேண்டுமாம், அதனால் பஸ் வழக்கத்தைவிடவும் முன்னால் கிளம்பும். தூங்கக் கற்றுக்கொள்வதற்காகக் கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்த கூட்டம் உலகத்தில் எங்களைத் தவிர வேறு இருக்காது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

செங்கல்பட்டு வந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். வழி முழுக்க 'மே ஐ ஹெல்ப் யூ'. சவுக்குத் தோப்பு தாண்டி மணலில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். அன்றைக்கு மேகம் மூடியிருந்ததால் சூரியன் வரவில்லை. வெளிச்சம் மட்டும் வந்தது. "ஃபீல் பண்ணுங்க" என்றார் சார். கடல் காற்றில் கண் எரிந்ததைத்தான் நான் ஃபீல் பண்ணினேன்.

முகாம் நடத்தச் சென்னையிலிருந்து ஒரு தூக்க நிபுணர் வந்திருந்தார். வெள்ளைக் குர்தா, காதோடு ஒட்டிய மைக், நெய்யில் முக்கி எடுத்த குரல். "உங்க தலைமுறை தூங்க மறந்துடுச்சு" என்று தொடங்கினார். மறந்துவிட்டோமாம்! வீட்டுச் சாவியைப் பஸ்ஸில் மறந்து வைத்ததுபோல. அப்புறம் உபதேசம். எட்டு மணி நேரம் தூங்க வேண்டும். படுக்கும் முன் வெதுவெதுப்பாகப் பால் குடிக்க வேண்டும். அறை இருட்டாக இருக்க வேண்டும். மதியம் ஒரு கோழித் தூக்கம் போட்டால் மூளை புத்துணர்ச்சி பெறும். "சார், காலேஜ்ல எங்க போய்ப் போடறது?" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான். நிபுணர் சிரித்தார். எங்கள் சார் சிரிக்கவில்லை, எந்தப் பையன் என்று திரும்பிப் பார்த்தார்.

பிறகு ரிசார்ட்டின் ஹாலில் பாய்கள் விரித்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு ஆள் நடக்கும் அளவுக்குச் சந்து. அந்தச் சந்தும் போதாது என்று இன்சார்ஜ் சாருக்குத் தோன்றியது. ஷூவைக் கழற்றிவிட்டு, ஒரு பாயை எடுத்துச் சந்தின் நடுவே போட்டு, தானே எல்லைச்சாமிபோல் படுத்துக்கொண்டார். பெண்கள் வரிசையில் நான் அந்தச் சந்தை ஒட்டிய ஓரத்துப் பாய். விளக்கை அணைத்தார்கள். ஏ.சி. குளிர் இதமாக இறங்கியது. "வலது கால் பெருவிரலைக் கவனியுங்க... அது தூங்குது..." என்றது நெய்க்குரல். பெருவிரல் தூங்கியதா என்று எனக்குத் தெரியாது. இடது காலுக்கு அவர் வருவதற்குள் நான் போய்விட்டேன். நித்திரை சுகம் அறியாது என்பார்கள், உண்மைதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பாய் எனக்குச் சுகமாகவே இருந்தது. மூன்று வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதில்லை. சாப்பாட்டுக்கு எழுப்பியபோது எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகவும் இல்லை. சந்தோஷமாக இருந்தது.

நாங்கள் தூங்கும்போது நிபுணரின் உதவியாளர் படமெடுத்து சாருக்கு அனுப்பியிருக்கிறார். சார் திரும்பும் வழியிலேயே அதைக் காலேஜின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டார். 'மகாபலிபுரம் ரிசார்ட்டில் நம் மாணவர்கள் ஆழ்ந்த ஓய்வில்' என்று தலைப்பு. பெண்பிள்ளை தூங்கும் படத்துக்கு மேலே ரிசார்ட் என்ற வார்த்தையைப் போடக்கூடாது என்கிற அறிவு, டாக்டர் பட்டம் வாங்கிய தலையில் இல்லை. அதே தூக்கம் லேபில் குற்றம், ரிசார்ட்டில் சாதனை.

பெரியப்பா பையன் மறைமலைநகரில் கம்பெனி வேலையில் இருந்தான். ஞாயிறு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டே போனைத் தேய்த்திருக்கிறான், படம் கண்ணில் பட்டிருக்கிறது. தங்கச்சி மேல் உள்ள பாசத்தில் உடனே குடும்பக் குரூப்பில் அனுப்பிவிட்டான். நான் வீட்டுக்குள் நுழையும்போது பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா சுவரோரமாக நின்றிருந்தார்.

"இன்னா இது?" என்று பெரியப்பா போனை நீட்டினார். அந்தப் படத்தில் நான் வாயைத் திறந்து, முடி கலைந்து, துப்பட்டாவைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். அழகாக இல்லை. பெரியப்பா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி என் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பேன்ட் போட்ட ஒரு கால் இருந்தது. சாம்பல் நிறச் சாக்ஸ். படம் அதோடு வெட்டுப்பட்டிருந்தது, காலுக்குரிய ஆள் இல்லை.

"இந்தக் கால் யாருது?"

"தெரியாது பெரியப்பா" என்றேன். சத்தியமாக அப்போது எனக்குத் தெரியாது.

"அத்தினி பேரு நடுவுல தூங்கிகினு கீது மாமா, அவ்ளோதான" என்றாள் அம்மா, சமையலறை வாசலில் நின்றபடி.

"நீ சும்மா இரு. ராத்திரில முழிச்சிகினு இருந்தாத்தான பகல்ல இப்டி அட்ச்சிப் போட்டாமாரி தூங்கும்? யாருகூட முழிச்சிகினு கீதுன்னு கேளு உன் பொண்ண. வர்ற தைக்குள்ள ஒரு எடம் பாத்து முட்ச்சிடலாம். படிச்ச வரைக்கும் போதும்."

இதைச் சொன்னவர் தினமும் மத்தியானம் தன் நெல் மண்டியில் மூட்டை மேல் ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை தூங்குகிறவர். ராத்திரி யாருகூட முழித்திருந்தாய் என்று இதுவரை ஒருத்தரும் அவரைக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது பயத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. அப்பா ஓட்டும் வண்டி அவர் அண்ணனுடையது. கடைசியில், "காலேஜ்ல போயி ஒரு வார்த்த கேட்டுகினு வந்துடலாம்ணா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்கு வியர்த்துவிட்டது.

மறுநாள் பெரியப்பா, அப்பா, நான் மூன்று பேரும் இன்சார்ஜ் சாரின் அறையில் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டி, பாக்கெட்டில் பேனா செருகி வந்திருந்தார். சார் ஏதோ பாராட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து டீ சொல்லி அனுப்பினார். முகாமின் மகிமையை விளக்க ஆரம்பித்தார். பெரியப்பா குறுக்கே போனை வைத்தார்.

"அதெல்லாம் இர்க்கட்டும் சார். எங்க வூட்டுப் பொண்ணு பக்கத்துல கீற இந்தக் கால் எந்தப் பையனுது? அத்த மட்டும் சொல்லுங்க."

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். படத்தைத் தள்ளிப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மெதுவாக மாறியது. மேஜைக்கு வெளியே நீட்டியிருந்த தன் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன். சாம்பல் நிறச் சாக்ஸ். எல்லையில் காவலுக்குப் படுத்த சாமியும் தூங்கியிருக்கிறது, தூக்கத்தில் காலை எங்கள் பக்கம் நீட்டியிருக்கிறது. நான் கவனித்துவிட்டதை அவரும் கவனித்தார்.

"அது... அது ஸ்டாஃப் கால்ங்க" என்றார். "அதாவது, இது ஒரு டெக்னிக். எல்லாரும் படுக்கணும். ஸ்டாஃபும் படுக்கணும். இது தூக்கமே இல்லைங்க, டெக்னிக். உங்க பொண்ணு அதை ரொம்ப நல்லா பண்ணாங்க. அந்த பேட்ச்லயே பெஸ்ட்." என் பக்கம் திரும்பினார். கெஞ்சுகிற கண். "டெக்னிக்தானேம்மா?"

அந்த நிமிஷம் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. நிஜத்தைச் சொல்லலாம். உங்கள் காலைப் பயிற்சியாலும் மாலைப் பயிற்சியாலும் உங்கள் ஸ்பீக்கராலும் செத்த பிணம்போல் தூங்கினேன், பக்கத்தில் நீங்களும் அப்படித்தான் கிடந்தீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் அவர் மானம் போகும், பின்னாலேயே என் படிப்பும் போகும். ஏனென்றால் பெரியப்பாவுக்குக் களைப்பு என்றால் போன் என்றுதான் அர்த்தம்.

"ஆமா சார். டெக்னிக்" என்றேன்.

அப்பா மூச்சு விட்டார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பெரியப்பா மட்டும் எழுந்திருக்க மனமில்லாமல், "ராத்திரில போன அப்பன்கிட்ட குட்த்துடணும்" என்று ஒரு தீர்ப்புச் சொல்லித் தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டார். சாருக்கு வந்த நிம்மதியில் வாய் நிற்கவில்லை. "இவங்களையே நம்ம புது 'உறக்கம் நலம்' மன்றத்துக்குத் தலைவியா போட்டுடறேன்" என்று அறிவித்தார். பெரியப்பாவுக்குத் தலைவி என்ற சொல் பிடித்துப்போனது. ஊருக்குப் போய் அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அப்பா என் போனை ராத்திரி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அலாரம் அதில்தான் இருந்தது. அதற்குப் பிறகு என்னை எழுப்புவதற்காக அம்மாவும் சேர்ந்து தூக்கத்தைத் தொலைத்தாள்.

மன்றக் கூட்டத்தை எப்போது வைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதே இல்லை. காலைப் பயிற்சிக்கும் முன்னால். அதற்காக எங்கள் தடத்துப் பஸ் வாரத்தில் ஒரு நாள் இன்னும் சீக்கிரம் கிளம்பியது. நாங்கள் நன்றாகத் தூங்க வேண்டும் என்ற அக்கறைக்காக, இருந்த தூக்கத்திலும் ஒரு துண்டை வெட்டிக் காணிக்கை கொடுத்தோம். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைச் சபித்தார்கள். "இன்னாடி தலைவி, நல்லா தூங்குனியா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

முதல் கூட்டத்தில் நான் உறுதிமொழி வாசிக்க வேண்டும். செமினார் ஹால் பாதி நிறைந்திருந்தது. சார் முன்னால் தனி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். 'நாள்தோறும் எட்டு மணி நேரம் உறங்குவோம்' என்று நான் மைக்கில் சொல்ல, எல்லோரும் கொட்டாவியோடு திருப்பிச் சொன்னார்கள். முதல் வரிசையில் மட்டும் ஒரு குரல் குறைந்தது. முதலாம் வருஷத்துப் பெண் ஒருத்தி. எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை. பையை மடியில் வைத்து, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சார் பார்த்துவிட்டார். பழக்கம் விடுமா? "யாரது? எந்த ரூட் அந்தப் பொண்ணு? அவங்க அப்பா நம்பர் வாங்கு" என்று எழுந்தார்.

அவள் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அவள் அப்பா யாருடைய வண்டியை ஓட்டுகிறார் என்றும் தெரியாது. ஆனால் அந்தப் போன் அடித்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்கு வரிக்கு வரி தெரியும்.

"சார், அவ தூங்கல" என்றேன் மைக்கிலேயே. "டெக்னிக் பண்றா."

சார் என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கால்களைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் உட்கார்ந்தார், கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "குட்" என்றார். "கன்டின்யூ."

காலேஜ் பிள்ளைகளுக்குச் சில விஷயங்களை இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. முதலில் கடைசி வரிசையில் ஒரு தலை சாய்ந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் ஒன்று. உறுதிமொழி முடிவதற்குள் ஹால் முழுக்கத் தலைகள் கவிழ்ந்துவிட்டன. சடை போட்ட பெண் எதுவும் தெரியாமல், லேசாக வாயைத் திறந்து, தூங்கிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு பேர் டெக்னிக் செய்வதைப் பார்த்ததும் சாருக்கு உற்சாகம் பொறுக்கவில்லை. காலேஜ் பக்கத்தில் போட ஆகும் என்று போனை எடுத்து முதல் வரிசைக்கு நேராக நீட்டினார்.

நான் மேடையிலிருந்து இறங்கிப்போய் அவளுக்கு முன்னால் நின்றேன்.

"போட்டோ வேணாம் சார்."

"ஏம்மா?"

"எல்லார் வூட்லயும் ஒரு பெரியப்பா இருக்காரு சார்."

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.